லெட்டர்பாக்ஸ் ஒளிக்க எந்தப் பெட்டி நல்லம்? எங்கட மட்டக்களப்பு மழைக்கும் வெயிலுக்கும் தாங்குற சின்னப் பெட்டி தெரிவு செய்ய முழு வழிகாட்டி

போன மார்கழி மழை ரெண்டு நாள் விட்ட நேரம் பார்த்து, பாலமீன்மடுப் பக்கம் தெரிஞ்ச ஒராள்ர வளவுக்குள்ள தேடல் விளையாட்டுக்கு ஒளிச்சு வெச்சிருந்த என்ட லெட்டர்பாக்ஸ் பெட்டியப் பார்க்கப் போனன். தென்னைக்குப் பின்னால கல்லுக்கு நடுவுல, வெச்ச இடத்திலயேதான் கிடந்திச்சு. பெட்டியில ஒரு கீறல் இல்ல. ஆனா தூக்கினா உள்ளுக்குத் தண்ணி சளக் சளக் எண்டுது. கொப்பி தேத்தண்ணிக்குள்ள விழுந்த விசுக்கோத்து மாதிரி ஊதிப்போய், வந்த ஆக்கள் எழுதின பேரெல்லாம் ஒண்டோட ஒண்டு கலந்து நீலக் கறையாக் கிடக்கு, நான் ரெண்டு நாள் இருந்து றப்பர்ல வெட்டின பாடும்மீன் சீல்ர செதில் முழுக்கப் பூஞ்சணம். மூடியப் பார்த்தா நாலு கிளிப்பில மூண்டுதான் பூட்டியிருக்கு. நாலாவது சும்மா தொங்குது.

அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு, நான் இவ்வளவு நாளும் பெட்டி வாங்கினது எனக்காக. வீட்டு மேசையில வெச்சு ஆறுதலாப் பூட்டிப் பார்த்து "ஆ, நல்ல டைட்" எண்டு வாங்கிட்டு வாறது. ஆனா அந்தப் பெட்டியக் கடைசியாப் பூட்டுறது நானில்லையே. எங்கயோ இருந்து வந்த ஒரு பெடியன், பின்னேரம் இருட்டுப்பட்ட நேரம், கையில மண்ணோட, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு அவசரத்தில பூட்டிட்டுப் போறான். பெட்டி தெரிவு செய்யிறது எண்டா அவனுக்காகத் தெரிவு செய்யிறது. கீழ வாற எல்லாத்தையும் இந்த ஒண்ட மனசில வெச்சிட்டு வாசிங்க.

புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு ரெண்டு வரி. லெட்டர்பாக்ஸிங் எண்டா, ஒரு சின்னப் பெட்டிக்குள்ள கையால வெட்டின றப்பர் சீல் ஒண்டும் ஒரு கொப்பியும் போட்டு எங்கயாவது ஒளிச்சிட்டு, அதுக்கு வழி சொல்ற குறிப்பு ஒண்டு எழுதிக் குடுக்கிறது. தேடி வாறவர் தன்ட சீல உங்கட கொப்பியில அடிப்பார், உங்கட சீல தன்ட கொப்பியில அடிச்சிட்டுப் போவார், அவ்வளவுதான். ஜிபிஎஸ் தேவையில்ல, அது ஜியோகேஷிங், அது 2000ஆம் ஆண்டுதான் வந்தது. இது அதை விட மிச்சம் பழசு. இங்கிலாந்தில டார்ட்மூர் எண்ட மேட்டு நிலத்தில, கிரான்மியர் பூல் எண்ட இடத்தில 1854இல ஜேம்ஸ் பெரட் எண்ட வழிகாட்டி ஒரு போத்தல வெச்சார், அங்க வரைக்கும் நடந்து வந்த ஆக்கள் தங்கட பேர்க் கார்ட அதுக்குள்ள போட. மறுகா ஆக்கள் விலாசம் எழுதின தபாலட்டைய விட்டுட்டுப் போக, அடுத்து வாறவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தபால்ல போடுவாராம், பேரும் அப்பிடி வந்ததுதான். அமெரிக்காவில 1998இல ஸ்மித்சோனியன் சஞ்சிகையில ஒரு கட்டுரை வந்த பிறகுதான் பரவிச்சு. கவனிச்சீங்களா, முதல் பெட்டியே ஒரு போத்தல்தான். ஆனா இண்டைக்குக் கண்ணாடிப் போத்தல் வைக்கவே வைக்காதீங்க, உடைஞ்சா மாட்டுக்கால், ஆக்கள்ர கால், ரெண்டும் போயிடும்.

1. பெட்டி வாங்க முதல் உள்ளுக்குப் போறதைச் செஞ்சு முடிங்க

எல்லாரும் விடுற பிழை இதுதான், நானும் விட்டன். வடிவான சின்னப் பெட்டி ஒண்டக் கண்டு வாங்கிட்டு, மறுகா அதுக்குள்ள கொப்பியத் திணிக்கிறது. திணிச்சா என்ன நடக்கும், தேடி வந்தவர் வெளிய எடுப்பார், திரும்பப் போகாது, கடைசியில கொப்பிர மூலை மூடிக்கு இடையில மாட்டுப்படும். அந்த மூலை விளக்குத்திரி மாதிரி, வெளித் தண்ணிய உறிஞ்சி உள்ளுக்குக் கொண்டு போகும்.

கணக்குச் சொல்றன். ஒரு ஏ4 தாள மூண்டு தரம் மடிச்சு வெட்டினா 7.4க்கு 10.5 சென்ரிமீட்டர்ல எட்டு ஒற்றை வரும். நாலு ஏ4 தாள் போதும், 32 ஒற்றை, ஒரு வருஷத்துக்கு எங்கட பக்கம் அது காணும். இன்னொரு தரம் மடிச்சா 5.2க்கு 7.4, இதுவும் ஓகே, ஆனா பெரிய சீல் அடிக்க இடம் காணாது. கொப்பியும் சீலும் வேற வேற சிப் பைக்குள்ள (வாயை அமத்தி மூடுற பிளாஸ்டிக் பை) போகணும் (அடிச்ச உடன சீல்ல மை ஈரம், அதோட கொப்பிய வெச்சா ரெண்டும் ஒட்டும்), அப்ப பெட்டிக்குள்ள எல்லாப் பக்கமும் ஒரு சென்ரிமீட்டராவது சும்மா இடம் இருக்கணும். அதால 7.4க்கு 10.5 கொப்பிக்கு உள்ளளவு 9.5க்கு 12.5 பார்த்து எடுங்க. வெளியளவு இல்ல, உள்ளளவு. கடைக்குப் போகேக்க கொப்பியையும் சீலையும் பைக்குள்ள போட்டு எடுத்திட்டே போங்க, கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்ல.

கொப்பிய ஸ்டேப்ளர் அடிச்சுக் கட்டாதீங்க. கல்லடிக் கடக்காத்துக்கு அந்தப் பின் கொஞ்ச நாளையில துரு பிடிச்சு நடு ஒற்றை முழுக்கக் காவியாயிடும். ஊசி நூலால மூண்டு தையல் போதும். பேனைக்குப் பதிலாக் கட்டைப் பென்சில் போடுங்க, ஈரத்தில பென்சில் எழுத்து ஓடாது.

இன்னொரு விஷயம், இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரல்ல. சீல் வெட்டுறதுக்கு நாம பெரும்பாலும் எடுக்கிறது வெள்ளை அழிறப்பர்தானே. அந்த வெள்ளை றப்பர் கனக்க வினைல் சாமான், அதை மெதுவா வெச்சிருக்க ஒரு எண்ணெய்த்தன்மையான பொருள் கலந்திருக்கும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற கட்டிப் பிளாஸ்டிக், பொலிஸ்டைரீன், அதோட ஒட்டிக் கிடந்தா அந்தப் பொருள் பிளாஸ்டிக்க உருக்கி ரெண்டையும் ஒண்டாக்கிப் போடும். பள்ளிக்கூடப் பெட்டிக்குள்ள அழிறப்பர் ஸ்கேலோட ஒட்டி, பிய்ச்சா ஸ்கேல்ல குழி விழுந்து கிடந்தது ஞாபகம் இருக்கா? அதேதான். அழிறப்பருக்குக் கடதாசி உறை போட்டு விக்கிறதும் அதுக்குத்தான். என்ட முதல் நண்டு சீல் இப்பிடித்தான் ஒரு நகைப் பெட்டியோட ஐக்கியமாச்சு, ரெண்டு கால் பெட்டியிலயே நிண்டிட்டுது.

2. அடியில உள்ள நம்பரப் பாருங்க

பெட்டியக் கவிட்டா முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 5 எண்டா பொலிப்ரொப்பிலீன், சாப்பாட்டுப் பெட்டி கனக்க இதுதான், அழிறப்பரோட சண்டை பிடிக்காது, மடிச்சாலும் லேசில உடையாது, ஒரே குறை நேர் வெயில்ல கிடந்தா காலப்போக்கில நொருங்கும். 2 எண்டா எச்டிபிஈ, வெள்ளை மருந்துப் போத்தல், ஷாம்பு போத்தல் மாதிரி, இது வெயிலுக்கும் அடிக்கும் நல்லாத் தாங்கும், ஆனா உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு தெரியாது. 1 எண்டா சோடாப் போத்தல் சாதி, பாவிக்கலாம். 6ஐக் கண்டா திரும்ப அதே தட்டில வெச்சிருங்க, அதுதான் மேல சொன்ன பொலிஸ்டைரீன், விழுந்தாலும் வெடிக்கும். நம்பரே இல்லாட்டி விரலால பக்கத்த அமத்துங்க, "சட்" எண்டு சத்தம் போட்டு விறைப்பா நிண்டா வேணாம், அமந்து திரும்பி வந்தா சரி.

3. மூடி, மூடி, மூடி

பெட்டிக்குக் காசு குடுக்கிறம் எண்டு நினைக்கிறம், உண்மையில மூடிக்குத்தான் குடுக்கிறம்.

எங்கட பக்கத்துக் காலநிலைய முதல்ல யோசிங்க. ஐப்பசிக் கடைசியில இருந்து தை வரைக்கும் வாடைக்காத்து மழை, அதுவும் ஊத்தினா நாள்க்கணக்கா ஊத்தும். ஆனி ஆடியில கச்சான் காத்து, அனல். இந்த ரெண்டுக்கும் நடுவில கெட்ட நேரம் ஒண்டு இருக்கு, பகல் முழுக்க வெயில்ல காய்ஞ்ச பெட்டிக்கு மேல பின்னேரம் இடி மழை பெய்யிற நேரம். சூட்டில உள்காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய போயிருக்கும், மழை பட்டுத் திடீரெண்டு குளிர்ந்தா உள்காத்து சுருங்கும், சுருங்கினா வெளியில மூடி விளிம்பில நிக்கிற தண்ணிய உள்ளுக்கு இழுக்கும். அதாவது தண்ணி தானா ஒழுகிறது இல்ல, பெட்டி ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சுது. சும்மா அமத்தி மூடுற மூடி எதுவும் இதுக்குத் தாங்காது. மார்ஜரின் டப்பா, ஐஸ்கிரீம் பெட்டி, யோகட் கப், பால்மாப் பேணிர பிளாஸ்டிக் மூடி, எல்லாம் இதில அவுட்.

தாங்குறது ரெண்டு வகைதான். ஒண்டு நாலு பக்கமும் கிளிப் உள்ள, மூடிக்குள்ள சிலிக்கோன் வளையம் ஓடுற பெட்டி, லொக் அண்ட் லொக் எண்டு கொரியாக் கொம்பனி செஞ்சு பேர் எடுத்த வகை, இப்ப அதே மாதிரி எல்லாக் கடையிலயும் வேற வேற பேர்ல கிடைக்கு. மற்றது சுத்தி மூடுற அகல வாய்ப் போத்தல். ரெண்டிலயும் எது நல்லம் எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கிறாங்க, நான் ரெண்டையும் வெச்சுப் பார்த்தவன், என்ட முடிவு இதுதான்: ஆள் நடமாட்டம் கூடின இடத்துக்கு, சின்னப் பிள்ளைகள் தேடி வாற இடத்துக்கு, சுத்து மூடி. கிளிப் பெட்டி சரியாப் பூட்டினா அதை மாதிரி வேற ஒண்டும் இல்ல, ஆனா நாலில ஒண்டு விட்டாலே போச்சு, விட்டது வெளியில பார்த்தாலும் கெதியாத் தெரியாது. சுத்து மூடி எங்கட வீட்டுச் சின்னதுக்கும் தெரியும், பூட்டினா பூட்டினதுதான், அரைவாசி சுத்தி விட்டாலும் ஓரளவுக்குத் தாங்கும்.

கிளிப் பெட்டி வாங்கிறதா இருந்தா கடையிலயே மூண்டு விஷயம் பாருங்க. கிளிப் மடியிற கோட்டப் பாருங்க, அந்த மெல்லிய பிளாஸ்டிக்தான் முதல்ல சாகும், பத்துத் தரம் திறந்து மூடி, வெள்ளையாக் கோடு விழுதா எண்டு பாருங்க. சிலிக்கோன் வளையத்த நகத்தால கிளப்பிப் பாருங்க, லேசா வெளிய வந்து லேசா உள்ள போகணும், ஏனெண்டா மண் போனா கழுவணும், ஆனா மூடியத் தட்டினா தானா விழக்கூடாது. கடைசியா மூடிப் பூட்டிட்டு, பெட்டியக் கன்னத்துக்குப் பக்கத்தில வெச்சு நடுவில அமத்துங்க. காத்து உஸ் எண்டு கன்னத்தில பட்டா அந்த ஓட்டையாலதான் தண்ணியும் வரும். ஒரே கட்டில இருக்கிற பெட்டியிலயும் ஒண்டு நல்லா இருக்கும் அடுத்தது இருக்காது, அதால ஒவ்வொண்டா எடுத்துப் பாருங்க.

சுத்து மூடி எண்டா உள்ப்பக்கம் நுரை மாதிரி ஒரு வட்டமோ றப்பர் வளையமோ இருக்கணும். இல்லாட்டி வாவியில தோணி விடுற மாமா ஒராள் எனக்குக் காட்டின வேலை செய்யலாம். அவர் பீடி, நெருப்புப்பெட்டி, போன் எல்லாத்தையும் ஒரு அகல வாய்ப் போத்தலுக்குள்ள வெச்சிருப்பார். வாயில ஒரு பொலித்தீன் துண்ட விரிச்சு, அதுக்கு மேல மூடியச் சுத்துவார், ஓரம் பாவாடை மாதிரி வெளிய நிக்கும். "இது மட்டும் இல்லாட்டி மனே, நெருப்புக்குச்சி அண்டைக்கே நமத்திரும்" எண்டார். சரியான வேலைதான். ஆனா நம்மட விளையாட்டுக்கு முழுசா ஒத்து வராது, ஏனெண்டா அவர் பூட்டுறது அவர்ர போத்தல், நம்மட போத்தலப் பூட்டுறது ஆரோ. அந்தப் பொலித்தீன் ரெண்டாம் ஆளோட காத்தில பறந்திரும். பைப் வேலைக்குச் சுத்துற வெள்ளை டேப்பும் இப்பிடித்தான், முதல் கிழமை மட்டும் நல்லம்.

4. எங்க தேடுறது: வீடு, பார்மசி, கடை

பிலிம் டப்பா: பழைய 35 மில்லிமீட்டர் கமரா பிலிம் வந்த கறுப்புப் பேணி. வெளிநாட்டுக்காரர் இதைப் பற்றித்தான் கனக்க எழுதுவாங்க, எங்கட பக்கம் பழைய ஸ்டூடியோவில கேட்டா எங்கயாவது ஒரு மூலையில கிடக்கும். விட்டம் 3 சென்ரிமீட்டர், உயரம் 5 அளவில, சீலும் கொப்பியும் ரெண்டும் போகாது, கொப்பியச் சுருட்டிப் போட்டா விரல் போகாது வெளிய எடுக்க. மழையிலயும் நம்ப ஏலாது. எனக்கு இதில ஆசை மட்டும்தான் மிச்சம்.

சீனி டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப் பேணி: எங்கட பக்கம் எந்த வீட்டில சீனி வருத்தம் இல்ல, அப்ப எந்த வீட்டில இது இல்ல. பெருவிரல் அளவுதான், ஆனா ஸ்ட்ரிப் ஈரமானா பழுதாகும் எண்டதால மூடி அப்பிடி இறுக்கமாச் செஞ்சிருப்பாங்க, உள்ளுக்கு ஈரம் உறிஞ்சுற பொருளும் இருக்கும். அடுத்த இடத்துக்கு வழி சொல்ற சின்னக் குறிப்புத் துண்டு வைக்க இதைப்போல ஒண்டும் இல்ல. விற்றமின் சி குளிசை வாற குழாயும் இதே இனம், மூடிக்குள்ளதான் உறிஞ்சுற மணி இருக்கும். திறந்து திறந்து பாவிக்க அந்த மணி ஈரம் குடிச்சு நிறைஞ்சிரும், பிறகு அது சும்மா கிடக்கிற சாமான்தான்.

யூரின் சாம்பிள் போத்தல்: சிரிக்காதீங்க. பார்மசியில புதுசா, பைக்குள்ள சுத்தமா, ஒரு பிளேன்டீக் காசுக்குக் கிடைக்கும், சுத்து மூடி, வாய் அகலம், உள்ளுக்கு இருக்கிறது தெரியும். சின்னச் சீலும் 5.2க்கு 7.4 கொப்பியச் சுருட்டினதும் போகும். களவும் போகாது, ஆர் எடுப்பாங்க! சிலது 6ஆம் நம்பர் பிளாஸ்டிக், கவனம், அதுக்குள்ள சீலப் பைக்குள்ள போட்டுத்தான் வைக்கணும். மூடியில வளையம் இல்லாட்டி கூரைக்குக் கீழ வைக்கிற இடத்துக்கு மட்டும் எடுங்க. பாவிச்சது வேணாம் எண்டு நான் சொல்லத் தேவையில்ல எண்டு நினைக்கிறன்.

சோடாப் போத்தல் ஊத முதல் வாற குழாய்: போத்தல் செய்யிற இடத்தில டெஸ்ட் டியூப் மாதிரிக் கிடக்கும், அதை ஊதித்தான் போத்தலாக்குவாங்க. சுவர் தடிப்பு, மூடி சாதாரண சோடா மூடிதான், தண்ணி போறது அருமை. ஆனா வாய் ஒடுக்கம், சுருட்டின தாளுக்கு மட்டும்.

வெள்ளை மருந்துப் போத்தல், நூறு குளிசை ஆயிரம் குளிசை வாறது: தெரிஞ்ச பார்மசி இருந்தா கேளுங்க. பெரியது நல்லம், நல்லாத் தாங்கும். லேபலக் கட்டாயம் உரிச்சு, கழுவி, காய வெச்சிட்டுத்தான். மருந்துப் பேரோட ஒரு போத்தல் மரத்தடியில கிடந்தா சின்னப் பிள்ளை வாயில வைக்கும், பெரிய ஆள் பொலிசுக்கு அடிக்கும்.

விசுக்கோத்து டின், சொக்லட் டின்: வடிவு, ஆசையா இருக்கும். கடற்கரையில இருந்து உள்ளுக்குக் கனதூரம் போனாத்தான் தாங்கும், காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் மாதிரிக் கரையோர ஊருக்கு நினைச்சும் பார்க்காதீங்க, உப்புக்காத்துக்கு மூடி துருப்பிடிச்சு ஒட்டிரும். காந்தம் ஒட்டி வைக்கிற ஆக்களும் இதை ஒருக்கா யோசிங்க.

சாப்பாட்டுச் சாமான் இருந்த எந்தப் பெட்டியும் வேணாம். மாசி, ஊறுகாய், கருவாட்டு வாசம் எத்தின தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்க விட்டுப் போகாது, உங்கட மூக்குக்குப் போனாலும் எறும்புக்கும் அணிலுக்கும் குரங்குக்கும் போகாது. ஈரம் உறிஞ்ச எண்டு அரிசி போடுற பழக்கமும் அப்பிடித்தான், உப்புப் போத்தலுக்குள்ள சரி, மரத்தடியில அது எறும்புக்கு அழைப்பிதழ். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பை ஒண்டு போடுங்க, போதும்.

5. வாளியில ஒரு இரவு

வாங்கின எந்தப் பெட்டியையும் இதைச் செய்யாம வெளிய வைக்கிறதில்ல இப்ப நான்.

டிஸ்யூ பேப்பர் ஒண்ட மடிச்சு உள்ளுக்கு வைங்க, கொப்பியும் சீலும் இல்லாம. பூட்டி ஒரு மணித்தியாலம் நல்ல வெயில்ல வைங்க. சூட்டோடயே கொண்டு வந்து கிணத்துத் தண்ணி வாளிக்குள்ள அமத்தி, மேல ஒரு செங்கல் வைங்க. மேல சொன்ன அந்தப் பின்னேர மழைய நாமளே செஞ்சு பார்க்கிறதுதான் இது. விடிய எடுத்துத் திறக்க முதல், வெளிப்பக்கத்த, முக்கியமா மூடி விளிம்ப, துணியால நல்லாத் துடைச்சுக் காய விடுங்க, இல்லாட்டித் திறக்கேக்க விளிம்புத் தண்ணி சொட்டி டிஸ்யூ நனைஞ்சு நல்ல பெட்டியையும் தூக்கி எறிஞ்சிருவீங்க, நான் எறிஞ்சிருக்கன். டிஸ்யூ காய்ஞ்சிருந்தா முதல் பாஸ்.

ரெண்டாம் தரம் விளிம்பில ஒரு சிட்டிகை கடல் மண்ணத் தூவிட்டுப் பூட்டி அதையே செய்யுங்க. பாசிக்குடாவிலயோ கல்லடியிலயோ வைக்கப் போறீங்க எண்டா இதுதான் உண்மையான சோதினை. அரைவாசிப் பெட்டி இதில விழும். என்ட அனுபவத்தில தட்டையான வளையத்தை விட நீட்டா, பள்ளத்துக்குள்ள இறங்கிற வளையம் மண்ணுக்குக் கூடத் தாங்குது.

மூண்டாவது சோதினைக்கு வாளி தேவையில்ல. வீட்டில எட்டு ஒம்பது வயசுப் பிள்ளை ஒண்டுட்டப் பெட்டியக் குடுத்து, கொப்பி சீல் எல்லாம் வெளிய எடுத்து, திரும்ப உள்ள வெச்சுப் பூட்டித் தா எண்டு சொல்லிட்டு ஒண்டும் சொல்லாமப் பாருங்க. என்ட மருமகள் கிளிப் பெட்டியில ரெண்டு கிளிப்பப் பூட்டிட்டு "முடிஞ்சு மாமா" எண்டு ஓடிட்டாள். போத்தல் மூடிய மட்டும் மூச்சுப் பிடிச்சுச் சுத்தித் தந்தாள்.

6. பார்த்த உடன ஆக்களுக்கு விளங்கணும்

வெளிநாட்டு வழிகாட்டியில எல்லாம் பெட்டிக்குக் கறுப்பு டேப் சுத்துங்க, பச்சை பெயின்ட் அடிங்க, பழைய ஆமி குண்டுப் பெட்டிதான் திறம் எண்டு போட்டிருப்பாங்க. அவங்கட ஊருக்குச் சரி. எங்கட ஊர்ல கறுப்பு டேப் சுத்தின சின்னப் பொதிய மதிலடியில கண்டா ஆக்கள் என்ன நினைப்பாங்க? 30 வருஷ யுத்தம், அதுக்குப் பிறகு 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. நான் புதுசில ஒருக்கா அப்பிடிச் சுத்தி ஒரு கடை மதிலுக்குப் பின்னால வெச்சன், கடைக்காரர்ட்டச் சொல்லாம. அடுத்த நாள் போனா சந்தியில சனம். முதலாளி தென்னம் மட்டை ஒண்டால அதை மெல்ல மெல்ல நடு ரோட்டுக்குத் தள்ளிட்டு, எல்லாரையும் அங்கால போகச் சொல்லிக் கத்துறார். நான் போய்த் திறந்து சீல எடுத்துக் காட்டி, எல்லாருக்கும் கையில ஒவ்வொண்டா அடிச்சு விட்டு, ஒரு மாதிரி முடிஞ்சுது. ஒரு வயசான அம்மா மட்டும் போகும் வரைக்கும் என்னை ஏசிட்டே இருந்தா, அவ ஏசினது முழுக்க நியாயம்.

அதால எங்கட பக்கம் ஒளிக்கிற வேலைய இடம் செய்யட்டும், பெட்டி உள்ளுக்கு இருக்கிறதைக் காட்டட்டும். உள்ளுக்கு இருக்கிறது வெளியில தெரியிற பெட்டியையே எடுங்க. டேப் வேணாம், வயர் வேணாம், பைப் துண்டு வேணவே வேணாம். உள்ளுக்கு, வெளிய வாசிக்கக் கூடிய மாதிரி, தமிழ் சிங்களம் இங்கிலிஷ் மூண்டிலயும் ஒரு துண்டு: "இது ஒரு தேடல் விளையாட்டுப் பெட்டி. உள்ளே ரப்பர் முத்திரையும் கொப்பியும் மட்டும் உண்டு. காணி உரிமையாளருக்குத் தெரியும்." கீழ உங்கட போன் நம்பர். கடைசி வரி பொய்யாக் கூடாது, காணிக்காரர்ட்டக் கேட்டுத்தான் வைக்கணும். பாலம், தண்டவாளம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம், கந்தோர், பள்ளிக்கூட மதில் பக்கம் போகவே வேணாம், கோட்டை மாதிரித் தொல்பொருள் இடமும் கல்லோயா, குமண மாதிரி வனவிலங்குக் காணியும் அப்பிடித்தான். தோண்டிப் புதைக்கிறதும் இல்ல. இந்த விளையாட்டில மண்ணக் கிண்டுற வேலையே கிடையாது.

டெங்கு. இதையும் பெட்டி வாங்கேக்கயே பார்க்கணும். மூடிர மேல்ப்பக்கம் தட்டு மாதிரிக் குழிஞ்சிருந்தா மழைத்தண்ணி தேங்கும், சோடா மூடி அளவுத் தண்ணி போதும் அந்த நுளம்பு முட்டை போட, ஒரு கிழமை பத்து நாளையில பறக்கும். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கண்டா காணிக்காரருக்குத்தான் வழக்கு, உங்களுக்கு இல்ல, அந்தச் சங்கடத்த நல்ல மனுசனுக்குக் குடுக்காதீங்க. மூடி மேடா இருக்கிறதைப் பார்த்து வாங்குங்க, இல்லாட்டிப் பெட்டியக் கவிட்டு, மூடி கீழ இருக்க வைங்க. ஆனா கவிட்டு வெச்சா மூடி விளிம்பு ஈர மண்ணோட கிடக்கும், அதுக்குக் கீழ ரெண்டு ஓட்டுத் துண்டு வெச்சு உயர்த்தி விடணும்.

7. இடத்துக்கு இடம்

வாவிக் கரையில வைக்கிறதா இருந்தா கண்டல் வேருக்கு இடையில வடிவா இருக்கும், ஆனா மாரியில முகத்துவாரம் வெட்ட முதல் தண்ணி ஏறுற உயரத்தக் கரையில இருக்கிற ஆக்கள்ட்டக் கேளுங்க, முழங்கால் உயரத்தில வெச்ச பெட்டி மிதக்கும். மிதந்தாலும் போகாம இருக்க தங்கூசியால (நைலோன் தூண்டில் நூல்) வேரில கட்டுங்க, கயிறு ஊறி அழுகும். கட்டுறதுக்குக் காது இருக்கிற பெட்டி வேணும், அதையும் வாங்கேக்க பாருங்க. மூடியில கட்டாதீங்க, அடியில கட்டுங்க, மூடியில கட்டினா ஆக்கள் இழுக்க மூடி கழண்டு பெட்டி வாவியோட போயிடும். எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதீங்க.

வயல் பக்கம், சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகள்ல எலிதான் பிரச்சினை. எலிப் பல்லுக்குக் கிளிப் பெட்டிர மெல்லிய விளிம்பு முறுக்கு மாதிரி. அங்க தடிச்ச வெள்ளை மருந்துப் போத்தல் மட்டும்தான் எனக்கு நிண்டிருக்கு, உள்ளுக்குத் தெரியாதே எண்டதுக்காக அந்தத் துண்ட வெளிப்பக்கம் ஒட்டி மேல தெளிந்த டேப் போட்டன்.

மரப்பொந்துக்குள்ள வைக்கிறதெண்டா கண் மட்டத்துக்கு வாற பொந்து மட்டும். கையக் குருட்டுத்தனமா விட வேண்டி வந்தா பாம்பு இருக்கும்.

8. வாங்கேக்க ஒரே மாதிரி ரெண்டு

தெரிவு செஞ்ச பெட்டிய ரெண்டா வாங்குங்க. மூடி மட்டும் தனிய விக்கிறதில்ல, அடுத்த வருஷம் போனா அந்த மாடலே கடையில இருக்காது, அளவெல்லாம் திரும்ப முதல்ல இருந்து பார்க்கணும். கிளிப் முறிஞ்சா, வளையம் நெளிஞ்சா, போன இடத்திலயே மூடிய மாத்திப் போட்டுட்டு வரலாம். நான் சைக்கிள் பையில ஒரு மூடி, ரெண்டு சிப் பை, ஒரு சிலிக்கா ஜெல், பல் தேய்க்கிற பழைய பிரஷ் ஒண்டு வெச்சிருக்கன், பிரஷ் வளையத்து மண்ணத் தட்ட. மாரியில மாசத்துக்கு ரெண்டு தரம், கச்சான் காலத்தில ஒரு தரம் போய்ப் பார்க்கிறன். பாலமீன்மடுவில இப்ப இருக்கிறது சுத்து மூடிப் போத்தல், மூடிக்கு மேல பெயின்ட் பேனையால "இறுக்கிச் சுத்துங்கோ" எண்டு எழுதி விட்டிருக்கன், அதுக்குக் கீழ ஆரோ பென்சிலால "சரி அண்ணே" எண்டு எழுதியிருக்காங்க.